முற்றியதா, பரவியதா?

நோயைப் பற்றிப் பேச வரும்போது தமிழில் நம் வாயில் தானாக வந்து விழும் சொல் ‘முற்றுதல்’. கத்திரிக்காய் முற்றுகிறது, கதிர் முற்றுகிறது, வாய்ச்சண்டை முற்றுகிறது, நோயும் முற்றுகிறது. இந்தச் சொல்லுக்குள் காலம் இருக்கிறது. பிஞ்சாக இருந்தது நாள் போகப் போகக் காயாகி, பழமாகி, கடைசியில் எதற்கும் ஆகாமல் போகிறது என்ற கணக்கு அது. ஆங்கில மருத்துவத்தோடு ‘ஸ்டேஜ்’ என்ற சொல் வந்து சேர்ந்தபோது, இந்தப் பழைய சொல்லின் மடியிலேயே அது ஏறி உட்கார்ந்துகொண்டது. முதல் ஸ்டேஜ் என்றால் பிஞ்சு, நாலாவது ஸ்டேஜ் என்றால் முற்றல். அதனால்தான் அறிக்கையில் 3 என்ற எண்ணைக் கண்டதும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, “இத்தனை நாளா ஏன் கவனிக்காம விட்டோம்?” என்பதாக இருக்கிறது. சினைப்பைப் புற்றுநோயைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு பெரும்பாலும் தவறு. அங்கே நிலை எண் நோயின் வயதைச் சொல்வதில்லை. நோய் எங்கெங்கே கண்டுபிடிக்கப்பட்டது என்பதைச் சொல்கிறது. ‘கண்டுபிடிக்கப்பட்டது’ என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போடுகிறேன். தேடாத இடத்தில் இருப்பது அந்த எண்ணுக்குள் வராது. ஆகவே அந்த எண், நோயைப் பற்றிய செய்தி எவ்வளவோ அவ்வளவுக்குத் தேடலைப் பற்றிய செய்தியும்கூட.

முதலில் எண்கள் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிடலாம். 1954-இல் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட பன்னாட்டு மகளிர் நோய், மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பு, அதாவது ‘ஃபிகோ’, வகுத்த வரையறைதான் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. அதன் 2014 திருத்தத்தின்படி, புற்று ஒரு சினைப்பையோடு, அல்லது ஒரு கருக்குழாயோடு நின்றிருந்தால் 1ஏ. இரண்டு பக்கமும் இருந்தால் 1பி. சினைப்பையின் மேலுறை கிழிந்திருந்தாலோ, மேற்பரப்பில் புற்று தலைகாட்டியிருந்தாலோ, வயிற்று நீரில் புற்றுச்செல்கள் மிதந்தாலோ 1சி. கருப்பைக்கோ இடுப்புக்கூட்டுக்குள் இருக்கும் மற்ற திசுக்களுக்கோ போயிருந்தால் 2. இடுப்புக்கூட்டின் விளிம்பைத் தாண்டி வயிற்றின் உட்சவ்வில், அல்லது வயிற்றின் பின்சுவரை ஒட்டிய நிணநீர் முடிச்சுகளில் இருந்தால் 3. நுரையீரலைச் சுற்றிய நீரில் புற்றுச்செல் இருந்தாலோ, கல்லீரலின் உள்ளே, அல்லது வயிற்றுக்கு வெளியே உள்ள உறுப்புகளில் இருந்தாலோ 4. இந்தப் பட்டியலில் ஆண்டு, மாதம், நாள் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இருப்பதெல்லாம் எல்லைக்கோடுகள், நிலப்பட்டா போன்ற சங்கதி. கல்லீரலின் மேல்தோலில் ஒட்டியிருந்தால் 3, அதே கல்லீரலுக்குள் இருந்தால் 4. இரண்டுக்கும் நடுவே இருப்பது மெல்லிய ஓர் உறைதான்.

வயதுக் கணக்கு எங்கே உடைகிறது என்பதற்கு அறுவை அரங்கிலேயே ஒரு காட்சி உண்டு. சினைப்பையில் ஆரஞ்சுப் பழ அளவில் ஒரு நீர்க்கட்டி. வெளியே வழவழப்பாக இருக்கிறது, எதனோடும் ஒட்டவில்லை. உள்ளே இருப்பது புற்று என்று வைத்துக்கொள்வோம். அதை முழுசாக, உடையாமல், பைக்குள் போட்டு வெளியே எடுத்துவிட்டால் அது 1ஏ. பிரித்தெடுக்கும்போது சுவர் கிழிந்து உள்ளிருந்த நீர் வயிற்றுக்குள் சிந்திவிட்டால் அது 1சி1. அந்தப் பெண்ணின் நோய் ஐந்து நிமிடத்தில் முற்றிவிட்டதா? இல்லை. ஆனால் எண் மாறிவிட்டது. சந்தேகம் உள்ள சினைப்பைக் கட்டியை வெளியிலிருந்து ஊசியால் குத்திப் பார்க்க மருத்துவர்கள் தயங்குவதற்கும் இதுவே காரணம். மார்பகக் கட்டியில் ஊசி போட்டுச் சோதிப்பது அன்றாட வேலை. இங்கே அந்த ஊசியே நிலையை மாற்றிவிடலாம். 2014-க்கு முன் 1சி என்பது ஒரே மூட்டையாக இருந்தது. அறுவையின்போது சிந்தியது 1சி1, முன்னரே கிழிந்திருந்தது 1சி2, நீரில் செல்கள் இருந்தது 1சி3 என்று அதைப் பிரித்தார்கள். தானாகக் கிழிந்ததும் மருத்துவர் கையில் கிழிந்ததும் ஒன்றாக இருக்க முடியாது என்ற சந்தேகம் நெடுநாளாக இருந்தது. 2001-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான, முதல் நிலையில் இருந்த 1,545 பெண்களைப் பற்றிய ஆய்வு அதை எடை போட்டுக் காட்டியது. நோய் திரும்புவதைக் கணிப்பதில் செல்களின் முரட்டுத்தனம், அதாவது ‘கிரேடு’, எல்லாவற்றையும்விட முன்னால் நின்றது. அறுவைக்கு முன்பே கிழிந்திருப்பது அடுத்து வந்தது. அறுவையின்போது கிழிவது அதற்கும் பின்னால்தான்.

பரவும் வழியைப் பார்த்தால் காலக் கணக்கு இன்னும் தளர்கிறது. குடல் புற்றோ மார்பகப் புற்றோ சுற்றியுள்ள திசுவைத் துளைத்து, ரத்தக் குழாயிலோ நிணநீர்க் குழாயிலோ புகுந்துதான் தூரத்துக்குப் போகவேண்டும். சினைப்பை இருக்கும் இடம் வேறு மாதிரி. அது வயிற்றறையின் திறந்தவெளியில் தொங்குகிறது. அதிலிருந்து உதிரும் செல் எந்தச் சுவரையும் துளைக்கத் தேவையில்லை. உதிர்ந்தால் போதும், ஈரமான பெரிய கூடம் ஒன்றில் விழுகிறது. அந்தக் கூடத்தின் சுவர், கூரை, உள்ளிருக்கும் குடல் எல்லாவற்றின் மேலும் ஒரே சவ்வு போர்த்தியிருக்கிறது. அதன் பெயர் பெரிட்டோனியம். சவ்வுகள் உரசாமல் வழுக்கிப் போவதற்கென்று உள்ளே எப்போதும் கொஞ்சம் நீர் உண்டு. இந்த நீர் தேங்கிக் கிடப்பதில்லை. குடல் அசைகிறது, மூச்சு வாங்கும்போதும் விடும்போதும் உதரவிதானம் ஏறி இறங்குகிறது. அந்த அசைவில் நீர் இடுப்புக்கூட்டிலிருந்து பெரும்பாலும் வயிற்றின் வலப்பக்க ஓரத்து வாய்க்கால் வழியாக மேலே ஏறி, கல்லீரலுக்கும் உதரவிதானத்துக்கும் இடையிலுள்ள சந்துக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே உதரவிதானத்தின் அடிப்பரப்பில் இருக்கும் நிணநீர் வாய்கள் அதை உறிஞ்சுகின்றன. புற்றுச்செல்லும் அதே நீரோடுதான் போகிறது. அடிவயிற்றிலிருந்து விலாவுக்குக் கீழ் வரைக்குமான அந்தத் தூரத்தை அது நடந்து கடப்பதில்லை, மிதந்து கடக்கிறது. 1-க்கும் 3-க்கும் இடையில் நாம் கற்பனை செய்யும் நீண்ட படிக்கட்டு அந்தச் செல்லுக்குத் தெரியாது. போகும் வழியில், குடலின் முன்னால் முன்றானை போலத் தொங்கும் கொழுப்புத் திரையான ஓமெண்டம் செல்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சில பெண்களுக்கு அந்தத் திரை முழுவதும் கெட்டிப்பட்டு ஒரு தட்டையான அப்பம்போல ஆகிவிடும். சினைப்பையில் இருப்பதோ அதைவிடச் சின்னக் கட்டியாக இருக்கும்.

இன்னொன்று, 1ஆம் நிலையில் பிடிபடும் நோயும் 3ஆம் நிலையில் பிடிபடும் நோயும் பல சமயம் ஒரே நோயே அல்ல. ‘சினைப்பைப் புற்று’ என்ற பெயருக்குள் குறைந்தது ஐந்து முக்கிய வகைகள் உண்டு. அவற்றில் ஏறத்தாழ 70% இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது உயர்தர சீரஸ் வகை. ‘உயர்தர’ என்பது இங்கே பாராட்டு இல்லை, செல்கள் அதிக முரட்டுத்தனமானவை என்று பொருள். இந்த வகை முதல் நிலையில் பிடிபடுவது மிகக் குறைவு. முதல் நிலைப் பட்டியலில் அதிகம் இருப்பவை பெரும்பாலும் மெதுவாக வளரும் எண்டோமெட்ரியாய்டு, தெளிசெல், மியூசினஸ் வகைகள். இவை சினைப்பைக்குள்ளேயே பெரிதாக வளர்ந்து, வயிறு உப்பி, வலி கொடுத்து, ஸ்கேனில் தெரிந்துவிடும். ஆகவே ‘1ஆம் நிலைப் பெண்கள் நெடுநாள் வாழ்கிறார்கள்’ என்ற உண்மையிலிருந்து, ‘3ஆம் நிலைப் பெண்ணைச் சில மாதம் முன்பே பிடித்திருந்தால் அவரும் 1-இல் இருந்திருப்பார்’ என்ற முடிவுக்குத் தாவ முடியாது. ஆமையும் முயலும் ஒரே சாலையில் நிற்பதைக் கண்டு, பின்னால் நிற்பது முன்னால் நிற்பதன் இளம்பருவம் என்று முடிவு கட்டுவது போன்றது அது.

உயர்தர சீரஸ் வகை பெரும்பாலும் சினைப்பையில் தொடங்குவதே இல்லை என்ற கண்டுபிடிப்பு இந்தக் கதையை இன்னும் திருப்பிப் போட்டது. 2001-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், மரபுவழி ஆபத்து உள்ளவர்கள் என்பதால் முன்னெச்சரிக்கையாகச் சினைப்பையையும் கருக்குழாயையும் நீக்கிக்கொண்ட பெண்களின் குழாய்களில் புற்றுக்கு முந்தைய மாற்றங்களைப் பார்த்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பாஸ்டன் நோய்க்குறியியல் மருத்துவர்கள் கருக்குழாயின் விரல் போன்ற முனைகளை மெல்லிய சீவல்களாக நறுக்கித் தேடத் தொடங்கினார்கள், தேடியதும் கிடைத்தது. அதற்கு முன் அந்த முனையை யாரும் இவ்வளவு பொறுமையாக நறுக்கிப் பார்த்ததில்லை. அந்த முனை திறப்பது நேரே வயிற்றறைக்குள். குழாய்முனையில் உருவாகும் செல், அருகில் இருக்கும் சினைப்பையின்மேல் விழலாம், அல்லது ஒரே வீச்சில் வயிற்றுச் சவ்வின்மேல் போய் விழலாம். 2014 திருத்தத்தில் சினைப்பை, கருக்குழாய், பெரிட்டோனியம் மூன்றிலும் தோன்றும் புற்றை ஒரே வரையறைக்குள் கொண்டுவந்ததற்கு இதுவே காரணம். 2017-இல் 9 பெண்களின் கட்டிகளில் மரபணு மாற்றங்களை வரிசைப்படுத்தி ஓர் ஆய்வுக்குழு கணக்கிட்டது. குழாய்முனையில் உள்ள சிறு மாற்றத்துக்கும் சினைப்பைப் புற்றுக்கும் இடையே ஏறத்தாழ 7 ஆண்டுகள், அதற்குப் பிறகு பரவல் விரைவாக நடக்கிறது என்பது அதன் முடிவு. ஒன்பது பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அதன்மேல் பெரிய மாளிகை கட்டக்கூடாது. ஆனாலும் அது காட்டும் திசை முக்கியம். இந்த நோய்க்குக் காலம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. காலம் இருக்கிறது, ஆனால் அதன் பெரும்பகுதி 1 என்ற எண்ணுக்கு முன்னாலேயே கழிந்துவிடுகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2010 முதல், வேறு காரணத்துக்காகக் கருப்பையை எடுக்கும்போதும் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையின்போதும் கருக்குழாய்களையும் சேர்த்து நீக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது இந்தக் காலப்பகுதியைக் குறிவைத்துத்தான்.

நிலை என்பது வயதாக இருந்தால், எல்லாரையும் ஆண்டுதோறும் சோதித்து, எண்ணைக் கீழே இழுத்தால் சாவும் குறைய வேண்டும். இதைச் சோதிக்க யாருக்காவது துணிச்சலும் பணமும் வேண்டும். பிரிட்டனில் இரண்டும் இருந்தன. 2001 முதல் 2005 வரை, மாதவிடாய் நின்ற, 50 முதல் 74 வயது வரையிலான 2,02,638 பெண்களைச் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஆண்டுதோறும் சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனை. ஒரு பகுதியினருக்கு ஆண்டுதோறும் ஸ்கேன். பாதிப்பேருக்கு எதுவும் இல்லை. 2021-இல், சராசரியாகப் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்தபின், முடிவை வெளியிட்டார்கள். ரத்தப் பரிசோதனைக் குழுவில் 1ஆம் நிலையில் பிடிபட்டவை 47% அதிகம். 4ஆம் நிலையில் பிடிபட்டவை 24% குறைவு. எண்கள் கீழே இறங்கின. இறப்பு இறங்கவில்லை. மூன்று குழுக்களிலும் இந்த நோயால் இறந்தவர்கள் 0.6% தான். இந்த முடிவைக் கண்டு பலரும் திகைத்தார்கள். அதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு, இரண்டும் சேர்ந்தே வேலை செய்திருக்கலாம். சோதனை முன்னதாகப் பிடித்தவற்றுள் எப்படியும் குணமாகக்கூடிய மெதுவான வகைகள் இருந்திருக்கலாம். முரட்டு வகையைப் பிடித்தபோதும், ஏற்கெனவே மிதந்துபோன செல்களை முந்தும் அளவுக்கு அது முன்னதாக இல்லாமல் இருந்திருக்கலாம். எந்த விளக்கத்தை எடுத்தாலும், நிலை எண்ணைக் குறைப்பதும் உயிரைக் காப்பதும் இங்கே ஒரே காரியமாக இல்லை.

இனி வாதத்தின் இரண்டாவது பாதி: தேடல். சினைப்பைப் புற்றின் நிலையை உறுதியாகச் சொல்ல வயிற்றைத் திறந்து, அல்லது நுண்துளை வழியே கேமராவை விட்டு, பார்த்தாக வேண்டும். கருப்பைவாய்ப் புற்றின் நிலையை மருத்துவர் விரலாலும் கண்ணாலும் சோதித்தே நெடுங்காலம் தீர்மானித்தார்கள். ஸ்கேனையும் அறுவை முடிவையும் ஃபிகோ அதில் சேர்த்துக்கொண்டது 2018-இல்தான். சினைப்பை விரலுக்கு எட்டாத இடம். முழுமையான தேடல் எப்படி இருக்கும்? தொப்புளுக்கு மேலிருந்து அடிவயிறு வரை நடுக்கோட்டில் நேர்க்கீறல். திறந்ததும் முதல் வேலை, உள்ளே இருக்கும் நீரை எடுத்து அனுப்புவது. நீர் இல்லாவிட்டால் உப்புக் கரைசலை ஊற்றிக் கழுவி அந்தக் கழுவலை அனுப்புவது. பிறகு கண்ணும் கையும் ஊர் சுற்றுகின்றன. குடலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, பூச்சரத்தை விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பதுபோல, மடிப்பு மடிப்பாகப் பார்க்க வேண்டும். கையைக் கல்லீரலின் மேல்வளைவுக்கும் உதரவிதானத்துக்கும் இடையே நுழைத்துத் தடவ வேண்டும்; சில சமயம் ரவை தூவியதுபோல ஒரு நெருநெருப்பு மட்டும் கைக்குத் தட்டுப்படும். சினைப்பைகள், கருக்குழாய்கள், கருப்பை ஆகியவற்றோடு கொழுப்புத் திரையையும் எடுக்க வேண்டும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் இடங்களிலிருந்தும் சவ்வைக் கிள்ளி எடுத்து அனுப்ப வேண்டும். நிணநீர் முடிச்சுகளை இடுப்பிலும், பெருந்தமனியை ஒட்டியும் எடுக்க வேண்டும். குழந்தை வேண்டும் இளம்பெண்ணாக இருந்து, புற்று ஒருபக்கத்தோடு நின்றிருந்தால், கருப்பையையும் மறுபக்கச் சினைப்பையையும் விட்டுவைக்கலாம். மற்றத் தேடலைக் குறைப்பதற்கு அது காரணமாகாது.

இது எல்லா இடத்திலும் நடக்கிறதா? 1983-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஓர் ஆய்வு இந்தக் கேள்வியை நேராகக் கேட்டது. வெளியிடங்களில் அறுவை செய்து, 1 அல்லது 2 என்று எழுதி அனுப்பப்பட்ட 100 பெண்களை மறுபடியும் முறையாகச் சோதித்தார்கள். 31 பேருக்கு நோய் எழுதியதைவிட மேல் நிலையில் இருந்தது. அவர்களுள் 23 பேர் உண்மையில் 3ஆம் நிலையில் இருந்தார்கள். முதல் அறுவையில் வயிறு முழுவதையும் பார்க்கும் அளவுக்குப் போதுமான கீறல் போடப்பட்டிருந்தது நான்கில் ஒருவருக்குத்தான். அடிவயிற்றில் குறுக்காகக் கீறினால் தழும்பு மறையும், ஆனால் அந்தக் கீறல் வழியே கை உதரவிதானத்துக்கு எட்டாது. எட்டாத இடத்தில் ஒன்றும் இல்லை என்று எழுதப்பட்டிருந்தது. அந்த 31 பேருக்கும் நோய் மாறவில்லை, நாளும் அதிகம் ஓடவில்லை. தேடிய கை மாறியது, எண் மாறியது.

குறைத்து எழுதப்பட்ட எண் சிகிச்சை ஆய்வுகளையும் குழப்புகிறது. 1990-களில் ஐரோப்பாவில், ஆரம்ப நிலையில் இருந்த 448 பெண்களை இரண்டாகப் பிரித்து, அறுவைக்குப் பின் ஒரு பிரிவினருக்குக் கீமோ கொடுத்தார்கள், மற்றவர்களைக் கண்காணித்தார்கள். கீமோ பெற்றவர்களில் நோய் திரும்புவது குறைந்தது. ஆனால் முழுமையான தேடல் நடந்திருந்தது மூன்றில் ஒருவருக்குத்தான். அந்த மூன்றில் ஒரு பகுதியைத் தனியே எடுத்துப் பார்த்தபோது கீமோவால் கூடுதல் பலன் தெரியவில்லை; பலன் எல்லாம் அரைகுறையாகத் தேடப்பட்ட பிரிவிலிருந்தே வந்தது. இயல்பான விளக்கம், அவர்களுள் சிலருக்கு மறைந்திருந்த 3ஆம் நிலை நோய் இருந்தது, கீமோ அதைத் தாக்கியது என்பது. இதற்கு வலுவான மறுப்பு உண்டு. மொத்த ஆய்வுக்காகத் திட்டமிட்ட எண்ணிக்கையைப் பின்னர் கூறுபோட்டுப் பார்த்த முடிவு இது. கூறுகள் சிறுத்தால் தற்செயலும் உண்மை போலத் தோன்றும். அதோடு, செல்கள் முரட்டுத்தனமாக இருந்தால் முதல் நிலைப் பெண்ணுக்கும் கீமோ உதவும் என்று அதே காலத்தில் நடந்த இணை ஆய்வின் நீண்டகாலத் தரவுகள் காட்டுகின்றன. இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். 1 என்று எழுதியிருக்கிறது, ஆகவே கீமோ வேண்டாம் என்பதற்கு அந்த ஆய்வு உரிமம் தராது. அது தருவது வேறொரு எச்சரிக்கை: இரண்டு பெண்களின் அறிக்கையில் ஒரே 1 இருக்கலாம், ஒன்று தேடிக் கிடைத்த 1, மற்றது தேடாமல் கிடைத்த 1.

தேடல் கூர்மையாகும்போது புள்ளிவிவரம் என்ன வேடிக்கை காட்டும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். முதல் நிலை என்று எழுதப்பட்ட 100 பெண்கள். அவர்களுள் 70 பேருக்கு உண்மையிலேயே முதல் நிலை. அவர்களில் 63 பேர் ஐந்தாண்டு தாண்டுகிறார்கள். மீதி 30 பேருக்கு நோய் மேலே ஒளிந்திருக்கிறது. அவர்களில் 15 பேர் தாண்டுகிறார்கள். ஆக முதல் நிலையில் பிழைப்பு விகிதம் 78%. மூன்றாம் நிலை என்று எழுதப்பட்ட வேறு 100 பேரில் 30 பேர் தாண்டுகிறார்கள், 30%. இப்போது தேடல் மேம்படுகிறது. அந்த 30 பேரும் மூன்றுக்கு மாற்றப்படுகிறார்கள். முதல் நிலையில் 70-க்கு 63, அதாவது 90%. மூன்றாம் நிலையில் 130-க்கு 45, அதாவது சுமார் 35%. இரண்டு நிலையிலும் முன்னேற்றம்! விழா எடுக்கலாம். ஆனால் மொத்தம் 200 பேரில் முன்பும் 108 பேர்தான் தாண்டினார்கள், இப்போதும் 108 பேர்தான். ஒருவர்கூடக் கூடுதலாகப் பிழைக்கவில்லை. அமெரிக்க மருத்துவர் ஆல்வன் ஃபைன்ஸ்டைன் 1985-இல் நுரையீரல் புற்றுத் தரவுகளில் இந்த மாயத்தைப் பிடித்துக் காட்டி, வில் ராஜர்ஸ் என்ற நகைச்சுவையாளரின் பெயரை இதற்கு வைத்தார். ஓக்லஹோமாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தவர்களால் இரண்டு மாநிலங்களிலும் சராசரி அறிவு உயர்ந்தது என்ற கேலி அவர் பெயரில் வழங்குவது. முப்பது ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு நிலைவாரிப் பட்டியல்களை அருகருகே வைத்து ‘மருத்துவம் முன்னேறிவிட்டது’ என்று யாராவது காட்டினால், நிலை பிரிக்காத மொத்த எண்ணைக் கேட்டு வாங்குவது நல்லது. 2014 திருத்தமும் இதே வேலையைச் செய்தது. அதற்கு முன், சவ்வில் எதுவும் இல்லாமல் முடிச்சில் மட்டும் நுண்ணிய புற்று இருந்த பெண்ணும், கொழுப்புத் திரை முழுவதும் அப்பமாகிப்போன பெண்ணும் 3சி என்ற ஒரே அறையில் இருந்தார்கள். முன்னவர்கள் நெடுநாள் வாழ்வது தெரிந்ததும் அவர்களை 3ஏ1-க்கு மாற்றினார்கள். நல்ல திருத்தம்தான். ஆனால் அவர்கள் வெளியேறியதால் 3சி-யின் சராசரி சரிந்தது. யாருடைய நோயும் மோசமாகாமலே.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். நிலை வயதும் இல்லை, தேடலைப் பொறுத்தும் மாறுகிறது என்றால், அது ஆயுளை இவ்வளவு நன்றாகக் கணிப்பது எப்படி? அமெரிக்கப் பதிவேடுகளில், தோன்றிய இடத்தோடு நின்ற நோய்க்கு ஐந்தாண்டுப் பிழைப்பு 90%-க்கு மேல், தூரத்துக்குப் பரவியதற்குச் சுமார் 30%. இந்த வித்தியாசம் பொய்யில்லை. எங்கே இருக்கிறது என்பது எவ்வளவு இருக்கிறது, எவ்வளவை எடுக்க முடியும், எந்த வகைச் செல் என்ற மூன்றையும் தன் பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறது. வானிலை அறிக்கையில் ஊரின் பெயர் தெரிந்தால் வெயிலை ஓரளவு ஊகிக்கலாம். அதனால் ஊர்ப்பெயர் வெயிலாகிவிடாது. 3, 4ஆம் நிலைகளுக்குள் போய்விட்டால் எண்ணின் பிடியே தளர்ந்துவிடுகிறது. அறுவை முடிந்தபின் கண்ணுக்குத் தெரியும் புற்று எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் அங்கே முதன்மையான முன்னறிவிப்பு. 2010-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு, 3சி, 4ஆம் நிலைப் பெண்களுக்கு முதலில் அறுவையா, முதலில் கீமோவா என்று ஒப்பிட்டது. இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு வாழ்ந்தன. மிச்சமின்றி எடுக்கப்பட்டவர்கள்தான் இரண்டு குழுவிலும் முன்னால் நின்றார்கள்.

சி.டி., பெட் ஸ்கேன் காலத்தில் வயிற்றைத் திறந்து தேடுவது எதற்கு என்பது அடுத்த ஆட்சேபம். பெரிய கட்டிகளுக்கும் நுரையீரலைச் சுற்றிய நீருக்கும் ஸ்கேன் போதும்; அதற்காக அது இன்றியமையாததும்கூட. ஆனால் குடல் மடிப்பில் அரைச் சென்டிமீட்டருக்கும் குறைவாகப் படிந்த ரவைத் துகளை அது தவறவிடும்; கழுவல் நீரில் மிதக்கும் செல்லை அது பார்க்கவே பார்க்காது. எதிர்ப்பக்கத்து ஆட்சேபம் இதைவிடக் கனமானது: தேடிக்கொண்டே போவதற்கு எல்லை வேண்டாமா? வேண்டும் என்று 2019-இல் வெளியான ‘லயன்’ ஆய்வு சொல்கிறது. பரவிய நோயில் கண்ணுக்குத் தெரியும் புற்று முழுதும் எடுக்கப்பட்ட, முடிச்சுகள் பார்வைக்கு நன்றாக இருந்த 647 பெண்களில் பாதிப்பேருக்கு முடிச்சுகளையும் வரிசையாக நீக்கினார்கள். நீக்கியவற்றைச் சோதித்தால் பாதிக்கும் மேற்பட்ட பெண்களின் முடிச்சுகளில் புற்று இருந்தது. தேடல் வென்றது. ஆயுள் ஒரு நாளும் கூடவில்லை. மறு அறுவை தேவைப்பட்டவர்கள் 12.4%, நீக்காதவர்களில் 6.5%, அறுபது நாளுக்குள் இறந்தவர்கள் 3.1%, நீக்காதவர்களில் 0.9%. என் வாதத்தை இந்த ஆய்வு சற்றுப் பின்னுக்குத் தள்ளுகிறது என்பதை மறைப்பதற்கில்லை. அடுத்த அடி எதுவாக இருந்தாலும் கீமோதான் என்று தீர்மானமாகிவிட்ட இடத்தில் இன்னும் ஒரு முடிச்சைத் தேடுவது அறிவுக்கு மட்டுமே தீனி. நோய் ஒரு சினைப்பையோடு நின்றதுபோலத் தெரியும் பெண்ணிடம் நிலைமை தலைகீழ்; அங்கே உதரவிதானத்தின் அடியில் இருக்கும் ஒரு துகள் கீமோ வேண்டுமா வேண்டாமா என்பதையே மாற்றிவிடும்.

இந்த இடத்தில் ஃபிகோவின் எண்களில் ஒரு குறை துருத்திக்கொண்டு நிற்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலிருந்து பிரெஞ்சு மருத்துவர் பியர் டெனுவா உருவாக்கிய, எல்லாப் புற்றுகளுக்கும் பொதுவான ‘டி.என்.எம்.’ முறையில் கட்டிக்கு ஒரு குறி, முடிச்சுக்கு ஒரு குறி, தூரப் பரவலுக்கு ஒரு குறி. முடிச்சுகளை எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லையென்றால் ‘என் 0’ என்று எழுதுவார்கள். முடிச்சுகளை மதிப்பிடவே இல்லையென்றால் ‘என் எக்ஸ்’. சுழியமும் எக்ஸும் வேறு வேறு எழுத்துகள். தட்டச்சு செய்பவர் ஒன்றுக்குப் பதில் மற்றதை அடித்தால் அது பிழை. ஃபிகோவின் 1ஏ-யில் எக்ஸுக்கு இடமில்லை. உதரவிதானம் வரை கை போய்த் திரும்பிய 1ஏ-யும், குறுக்குக் கீறலுக்குள் நின்றுவிட்ட 1ஏ-யும் தாளில் ஒரே மாதிரி இருக்கும். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் அறுவைக் குறிப்பின் நடுப்பக்கத்துக்குப் போக வேண்டும்: கழுவல் நீர் அனுப்பப்பட்டதா, ஓமெண்டம் எத்தனை சென்டிமீட்டர் வந்தது, சவ்வுத் துண்டுகள் எந்தெந்த இடத்திலிருந்து, முடிச்சுகள் எத்தனை, கட்டி முழுசாக வந்ததா சிந்தியதா. நோய்க்குறியியல் அறிக்கையிலும் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரி இருக்கும். ‘பெறப்படவில்லை’ என்ற சொல் அந்த வரிகளில் எங்கே வருகிறது என்று பார்த்தபிறகுதான் மேலே தடித்த எழுத்தில் இருக்கும் 1ஏ-யை வாசிக்க முடியும்.